முப்பத்தொன்றாம் எண்ணைச் சரிபார்க்கவும்

எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் ஜூன் மாதம்தான். ஜூனில் இங்கே, இவ்வளவு வடக்கே, சரியாக இருட்டுவதில்லை. இருட்டாவிட்டால் நட்சத்திரம் தெரியாது. நட்சத்திரம் தெரியாவிட்டால் வானாய்வு நிலையத்தில் யாருக்கும் பெரிதாக வேலை இல்லை. அதனால் கல்யாணம் செய்துகொள்வார்கள். என் பெற்றோரும் ஒரு ஜூனில்தான் செய்துகொண்டார்கள். விவாகரத்து நவம்பரில். நவம்பரில் எப்போதும் மேகமாக இருக்கும்.

ஊர் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். தார்த்து நகரத்திலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். குன்றின்மேல் வானாய்வு நிலையம், கீழே அதில் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் நீளமான அடுக்குமாடிக் கட்டடம், எதிரே ஹெல்யு அத்தையின் கடை, சுற்றிலும் பைன் காடு. விவாகரத்துக்குப் பிறகு அப்பா வேறு வீடு தேடினார். காலியாக இருந்தது அதே கட்டடத்தில் பக்கத்துப் படிக்கட்டு வீடு மட்டும். ஆகவே அம்மா மைமு இரண்டாம் படிக்கட்டில், அப்பா எண்டெல் முதல் படிக்கட்டில். இரண்டு சமையலறைகளுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் அந்தப் பக்கம் கேட்கும். பதினான்கு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

அவர்கள் பிரிந்ததற்குப் பதினாறு விண்மீன் மண்டலங்கள் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். அம்மா அதை மறுப்பாள்.

"பதினாறு இல்ல, ஏழு. மீதி ஒன்பதுல எங்களுக்குள்ள கருத்து வேறுபாடே கிடையாது."

எங்கள் நிலையத்தின் பிழைப்பு இதுதான். விண்மீன் மண்டலங்கள் தனியாக நிற்பதில்லை. கொத்தாகச் சேர்கின்றன. கொத்துகள் சேர்ந்து பெருங்கொத்தாகின்றன. அவை இழையாகவும் சுவராகவும் நீண்டு போகின்றன. நடுவில் ஒன்றுமே இல்லாத பெரும் வெற்றிடங்கள். இவற்றைவிடப் பெரிய பொருள் எதையும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு சுவர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல வானத்தில் வேலி கிடையாது. ஆகவே ஒரு தூரத்தை நாங்களே வைத்துக்கொள்கிறோம். அந்தத் தூரத்துக்குள் இருப்பவை நண்பர்கள். நண்பனின் நண்பனும் அதே குடும்பம். அவனுடைய நண்பனும் அப்படியே. புதிதாக யாரும் அகப்படாதபோது நிறுத்திவிட்டு எண்ணிக்கொள்ள வேண்டும். தூரத்தைச் சற்றுக் கூட்டினால் வானம் முழுவதும் ஒரே குடும்பம். சற்றுக் குறைத்தால் எல்லாரும் அநாதை. இதை வைத்துத்தான் நாங்கள் நாற்பது வருடமாகப் பட்டியல் போடுகிறோம்.

பதினான்கு வருடத்துக்கு முன்பு, தெரிந்தவற்றில் பெரிய சுவரின் நீளம் நூற்று முப்பத்தேழு கோடி ஒளியாண்டு. அப்பா இரண்டு பெருங்கொத்துகளுக்கு நடுவே மங்கலான பதினாறு விண்மீன் மண்டலங்களைக் கண்டுபிடித்தார். அவை பாலம்போல நின்றன. பாலத்தோடு சேர்த்தால் இரண்டும் ஒன்று. நீளம் நூற்று ஐம்பது கோடி. அதற்குச் 'சங்கிலி' என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். உலகத்திலேயே மிகப் பெரிய பொருளின் சொந்தக்காரராகப் பதினோரு வாரம் இருந்தார். அந்த நாட்களில்கூட மளிகைப் பையை அவரேதான் தூக்கினார்.

பிறகு அம்மா கனரித் தீவுகளிலுள்ள பெரிய தொலைநோக்கிக்குப் போய் நான்கு இரவுகள் அந்தப் பதினாறின் தூரத்தையும் அளந்தாள். ஏழு நம் பக்கமாக முன்னாலேயே நின்றன, பாலத்துக்குச் சம்பந்தமில்லாதவை. அவற்றை எடுத்துவிட்டால் நடுவில் ஓர் இடைவெளி. சங்கிலி ஒன்றல்ல, இரண்டு. அம்மா திருத்தம் எழுதி அனுப்பினாள்.

அனுப்புவதற்கு முன் எங்கள் வழக்கப்படி அதைத் தாழ்வாரத்து அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் குத்தி வைத்திருந்தாள். எங்கள் நிலையத்தில் எந்தக் கட்டுரையும் பட்டியலும் முதலில் பலகைக்குத்தான் வரும். போகிறவர் வருகிறவர் பென்சிலால் குறை எழுதலாம். பென்சில் ஒரு நூலில் தொங்கும். அப்பா அந்த வாரம் முழுவதும் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போனார். பலகையைப் பார்க்கவில்லை. திருத்தம் அச்சில் வந்த பிறகுதான் படித்தார்.

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"பலகைல போட்டிருந்தேனே" என்றாள் அம்மா.

இதுதான் அவர்களுடைய கடைசி உரையாடல் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு குளியல் துண்டுகளைப் பிரித்துக்கொள்வதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். அன்றிலிருந்து அப்பா தினமும் காலையில் பலகையின் முன் நின்று, தொலைந்துபோன குடை பற்றிய அறிவிப்பு உட்பட எல்லாவற்றையும் படிக்கிறார்.

இனி என் கல்யாணம். நான் லேலோ. பெற்றோர் வழியில் சுவர்களையும் பெருங்கொத்துகளையும் ஆராய்கிறேன். நான் கட்டிக்கொள்ளப் போகிற டானெல் வெற்றிடங்களை ஆராய்கிறான். "பையன் என்ன பண்றான்னு கேட்டா, ஒண்ணுமில்லாத இடத்தைப் பாத்துட்டிருக்கான்னு சொல்ல வேண்டியிருக்கு" என்று அவன் அம்மா எல்லாரிடமும் குறைப்பட்டுக்கொள்வாள்.

விருந்தினர் எண்பத்துநான்கு பேர். அப்பாவிடம் நிபந்தனை ஏதும் இல்லை. "எங்க உக்காரச் சொன்னாலும் உக்காருறேன். உருளைக்கிழங்கு சாலட் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்." அம்மாவிடம் ஒன்றே ஒன்று இருந்தது.

"அவர் இருக்கிற மேசைல என்னைப் போட்டா நான் வரமாட்டேன். உனக்கு அம்மா இல்லாமலே கல்யாணம் நடக்கும். வாழ்த்து அட்டை அனுப்பிடுவேன்."

அம்மா விளையாட்டுக்குச் சொல்பவள் அல்ல. என் பட்டமளிப்புக்கு அப்பா வருகிறார் என்று தெரிந்து அட்டைதான் அனுப்பினாள். அழகான அட்டை. அதில் ஓர் ஆந்தை இருந்தது. இன்னோர் ஆந்தை எனக்கு வேண்டாம்.

"நாமளா உக்கார வச்சா எல்லாரும் நம்மளைத்தான் திட்டுவாங்க" என்றான் டானெல். "நம்ம பட்டியல் போடுற கணினி நிரலை ஓட்டிடலாம். திட்டுறவங்க நிரலைத் திட்டட்டும்."

விருந்தினர் எல்லாருக்கும் எண் போட்ட பட்டியலை அனுப்பி, இவர்களில் யாரோடு மாதத்துக்கு எத்தனை தடவை பேசுவீர்கள் என்று கேட்டான். எங்கள் ஆட்கள் படிவத்தைக் கண்டால் நிரப்பிவிடுவார்கள். எதற்கு என்று கேட்க மாட்டார்கள். டானெலின் பெரியப்பா ஒருவர் மனைவியின் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டிருந்தார். அந்த அம்மாள் அவர் பெயருக்கு நேரே அறுபது போட்டிருந்தாள்.

அதிகம் பேசுகிறவர்கள் அருகில் என்று வைத்துக்கொண்டு, நண்பனின் நண்பன் முறையில் நிரல் ஓடியது. முதல் தடவை ஒன்பது ஆண்கள் யாரோடும் சேராமல் தனித்தனியாக நின்றார்கள். ஆளுக்கொரு மேசை போட்டிருந்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பார்கள், ஆனால் இடம் இல்லை. தூரத்தைக் கொஞ்சம் கூட்டினோம். ஏழு குடும்பங்கள் வந்தன, பன்னிரண்டு பன்னிரண்டு பேராக. இவ்வளவு அழகான முடிவு எனக்கு வேலையில்கூடக் கிடைத்ததில்லை. யார் எந்த மேசை என்றுகூடப் பார்க்காமல், டானெலை முத்தமிட்டுவிட்டுத் தார்த்துவுக்குச் செருப்பு வாங்கப் போனேன்.

அந்த நேரத்தில் அவன் ஒரு காரியம் செய்தான். பழக்க தோஷம். பட்டியலை அச்செடுத்து, 'பூர்வாங்கம்' என்று மேலே எழுதி, தாழ்வாரத்துப் பலகையில் குத்திவிட்டான். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் அதைப் பார்த்தேன். நான்காம் மேசையில் பன்னிரண்டு பெயர்கள். அதில் அம்மா. அதில் அப்பா. பக்கத்தில், எனக்கு நன்றாகத் தெரிந்த நேரான கையெழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது:

'இணைப்பு போலி. முப்பத்தொன்றாம் எண்ணைச் சரிபார்க்கவும். மைமு.'

அதற்குக் கீழே, எனக்கு அதே அளவு தெரிந்த சாய்ந்த கையெழுத்தில்:

'சரிபார்த்தேன். இணைப்பு உண்மை. எண்டெல்.'

பதினான்கு வருடத்தில் முதல் பேச்சு. காலண்டரில் குறித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. ஆனால் நான் டானெலைத் தேடிப் போனேன்.

"உனக்கு மூளை இருக்கா? கல்யாண மேசைப் பட்டியலையா பலகைல போடுவ?"

"ஒரு வாரம் வைக்கணும்ல?" என்றான். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "பாரு, ஏற்கெனவே ரெண்டு கருத்து வந்திருக்கு."

அம்மா அவள் அறையில் இருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "சனிக்கிழமை நான் இல்ல" என்றாள்.

"அம்மா, உன்னை ரெண்டாம் மேசைக்கு மாத்திடறேன். ஒரு நிமிஷ வேலை."

"கையாலயா?"

"கையாலதான்."

"பட்டியல்ல பிடிக்காததைக் கையால மாத்துறதா?" அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "நான் உன்னை அப்படியா வளத்தேன்? இணைப்பு பொய்னா எடு. நிஜம்னா இருக்கட்டும். இருந்தா நான் வரமாட்டேன். அவ்வளவுதான், ரொம்ப எளிமை."

முப்பத்தொன்றாம் எண் ஹெல்யு அத்தை. நிரலில் அவளை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அம்மா ஒரு குடும்பம், அப்பா வேறு குடும்பம். அவளைச் சேர்த்ததும் இருவரும் ஒன்று. எண்பத்துநான்கு பேரில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்தது அவள் ஒருத்திதான்.

கடைக்குப் போனேன். ஹெல்யு அத்தை கறுப்பு ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வாடி கல்யாணப் பொண்ணே. என்னமோ என்னைச் சரிபார்க்கணும்னு எழுதிப் போட்டிருக்காங்களாமே? நான் என்ன கெட்டுப்போன பாலா?"

"அத்தை, படிவத்துல என்ன எழுதினீங்க?"

"உள்ளதை எழுதினேன். உங்கம்மாவோட மாசம் இருபது தடவை. உங்கப்பாவோட மாசம் இருபது தடவை."

"என்ன பேசுவீங்க?"

அத்தை ரொட்டியைக் கீழே வைத்தாள். "உங்கம்மா வருவா. 'சுவத்துக்கு அந்தப் பக்கம் யாருக்கோ இருமல் கேக்குது'ம்பா. யாருக்குன்னு சொல்ல மாட்டா. சாயங்காலம் உங்கப்பா வருவார். 'யாருக்கோ இருமலாமே'ம்பேன். மருந்து வாங்கிட்டுப் போவார். இலையுதிர் காலத்துல உங்கப்பா காட்டுல காளான் பறிச்சு ஊறுகா போட்டு ஒரு ஜாடி கொண்டுவந்து வைப்பார். 'அதிகமா இருக்கு, யாருக்காவது குடு'ம்பார். உங்கம்மா எடுத்துட்டுப் போவா. ஜாடி கழுவித் திரும்ப வரும். உள்ள ருபார்ப் ஜாம் இருக்கும். 'அதிகமா இருக்கு, யாருக்காவது குடு.' பதினாலு வருஷமா ஒரே ஜாடி. மூடி மட்டும் ரெண்டு தடவை மாத்தினேன்."

"எங்ககிட்ட ஒரு தடவைகூடச் சொல்லலையே அத்தை."

"யாரும் கேக்கலையே. படிவத்துல கேட்டிருந்துச்சு, எழுதினேன்."

அன்று மாலை அம்மா வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் அந்த ஜாடி இருந்தது. நான் ஜாடியைப் பார்த்தேன். அம்மா நான் பார்ப்பதைப் பார்த்தாள். சுவருக்கு அப்பால் அப்பா வானொலியில் வானிலை கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரிபார்த்தியா?" என்றாள் அம்மா தணிந்த குரலில்.

"பார்த்தேன். இணைப்பு உண்மை. இருபதுக்கு இருபது."

அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். மூலை வரைக்கும் தடவினாள். அம்மா ஒரு நாளும் மூலை வரைக்கும் தடவ மாட்டாள்.

"அப்போ பட்டியல் சரி" என்றாள். "மேசையை மாத்தாதே."

"நீ?"

"நான் சொன்னது சொன்னதுதான். அட்டை வாங்கிட்டேன்."

"ஆந்தையா?"

"முள்ளம்பன்றி."

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாணம் முடியும்வரை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்க நினைத்த ஒன்றைச் சொல்லிவிட்டேன். அந்தப் பதினாறு விண்மீன் மண்டலங்களையும் புதிய கருவியால் மறுபடி அளந்திருந்தேன். முடிவு போன வாரம்தான் வந்திருந்தது.

அம்மாவின் கத்தி நின்றது. அவள் தான் நீக்கிய ஏழு மண்டலங்களைப் பற்றியும் கேட்கவில்லை, பதினாறைப் பற்றியும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"பன்னிரண்டாம் எண்?" என்றாள்.

"உள்ளேதான் இருக்கு. பாலத்துல."

"மத்த ஆறு?"

"நீ சொன்ன மாதிரி முன்னாடி."

"பன்னிரண்டு இருந்தா இடைவெளி மூடிடுமே."

"மூடிடுது. சங்கிலி ஒண்ணுதான் அம்மா."

அம்மா கத்தியைத் தட்டில் வைத்தாள். வானொலி சனிக்கிழமை தெற்கில் மழை என்றது.

"நாலாவது நாள் மெல்லிசா மேகம் இருந்துச்சு" என்றாள் கடைசியில். "பன்னிரண்டுக்கு வந்த அளவு தெளிவா இல்ல. மறுபடி அளந்திருக்கணும். விமானம் காலைல. எனக்கு அப்பவே சந்தேகம். சந்தேகத்தைக் கட்டுரைல ஒரு வரி எழுதியிருக்கணும், எழுதல. பதினாலு வருஷமா எழுதல."

பிறகு எழுந்து, முள்ளம்பன்றி அட்டையை எடுத்து, செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்தாள்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"மூணு. வருவியா?"

"கல்யாணத்துக்குன்னு நினைச்சுக்காதே. ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கு. இந்தத் தடவை நேர்ல சொல்லணும்."

சனிக்கிழமை மழை பெய்யவில்லை. வானிலைக்காரர்களும் பலகை வைத்துக்கொள்ளலாம். நிலையத்தின் பழைய கூடத்தில் ஏழு மேசைகள்; எல்லாவற்றிலும் கறுப்பு ரொட்டிமேல் வெங்காயமும் முட்டையும் வைத்த சின்ன மீன், ஜெல்லிபோல உறைய வைத்த இறைச்சி, பீட்ரூட் சாலட். நான்காம் மேசையில் உருளைக்கிழங்கு சாலட்டை அப்பாவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நானே வைத்தேன். அம்மா நீல உடையில் வந்தாள். ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். அந்த நாற்காலி ஹெல்யு அத்தையுடையது. அத்தை வந்து பார்த்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் நடுவுல உக்காந்து உக்காந்து அலுத்துட்டேன்" என்று சொல்லி, தட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள்.

எங்கள் ஊர் வழக்கப்படி விருந்தினர் 'கசக்குது! கசக்குது!' என்று கத்தினால் மணமக்கள் எழுந்து முத்தமிட்டு இனிப்பாக்க வேண்டும். கத்தினார்கள். முத்தமிட்டோம். நான் டானெலின் தோளுக்கு மேலாக நான்காம் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டானெல் கண்டுகொள்ளவில்லை. அவனும் கழுத்தைத் திருப்பி அதைத்தான் பார்த்தான். அடுத்த கத்தலுக்குள் இருவரும் பரிமாறுகிற சாக்கில் அங்கே போய் நின்றோம்.

அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். பதினான்கு வருடம் பேசாதவரை எப்படி அழைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அரசாங்க அலுவலகத்தில் பேசுவதுபோல் ஆரம்பித்தாள்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். பன்னிரண்டாம் எண் பாலத்துக்கு உள்ளதான் இருக்கு. நான் தப்பா அளந்துட்டேன். நீங்க சொன்னது சரி."

அப்பா சாலட்டை மென்று விழுங்கினார்.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி வேற வேலைக்குத் தொலைநோக்கில நேரம் வாங்கினேன். கடைசி இருபது நிமிஷம் மிச்சம் இருந்துச்சு. அளந்தேன்."

அம்மாவின் கழுத்து சிவந்தது. "ஏழு வருஷமா? ஏழு வருஷமா கைல வச்சுக்கிட்டு வாயைத் திறக்கலையா?"

"திறந்தா நீங்க திருத்தத்துக்குத் திருத்தம் எழுத வேண்டியிருக்கும். அச்சுல. எல்லாரும் படிப்பாங்க." அப்பா ரொட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "அதுவுமில்லாம இப்ப அது முதல் இடத்துல இல்ல. நானூறு கோடின்னு ஒண்ணு சொல்றாங்க, ஆயிரம் கோடின்னு ஒண்ணு சொல்றாங்க. அதெல்லாம் இருக்கா இல்லையான்னே அவங்களுக்குள்ள தகராறு. எப்படிப் பாத்தாலும் சங்கிலி ஏழாவதோ எட்டாவதோ. எட்டாவது இடத்துக்காக யார் சண்டை போடுவா?"

"நான் போடுவேன்!" என்றாள் அம்மா. மேசையிலிருந்த பத்துப் பேரும் மீனை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். "அளந்த எண்ணை மறைச்சு வைக்கிறதா? அது பரிவுன்னு நினைச்சியா? அது மோசடி, எண்டெல்! நீ அதைப் பலகைல போட்டிருக்கணும்!"

"போட்டேன்" என்றார் அப்பா.

"எப்போ?"

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி. ஆகஸ்டுல. ஒரு வாரம்."

அம்மா வாயைத் திறந்தாள். ஆகஸ்டில் நிலையமே பாதி காலி; அம்மாவும் விடுமுறைக்குப் பக்கத்துக் கடல் தீவு ஒன்றுக்குப் போய்விடுவாள். ஒவ்வோர் ஆகஸ்டிலும். ஊருக்கே தெரியும்.

"நீ அந்த வாரத்தைப் பாத்துத்தான் போட்ட" என்றாள்.

"ஆமா" என்றார் அப்பா. "மனசுல தைரியம் அவ்வளவுதான் இருந்துச்சு."

எதிர்ப்பக்கம் ஹெல்யு அத்தை கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யாரோ 'கசக்குது!' என்று கத்தினார்கள். நானும் டானெலும் நின்ற இடத்திலேயே முத்தமிட்டுக்கொண்டோம். திரும்பியபோது அம்மா நடுவிலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காகிதத் துடைப்பானில் எதையோ வரைந்து, "இடைவெளி எவ்வளவு வச்ச? சொல்லு, எவ்வளவு வச்ச?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வரைபடத்தைத் திருத்துவதற்காகச் சாலட் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அப்பா சாலட்டைத் தள்ளி வைத்து நான் பார்த்ததில்லை. ஐஸ்கிரீம் கேக் வெட்டும்போது அவர்களைக் கூப்பிட்டோம். வரவில்லை. கல்யாணப் புகைப்படம் எதிலும் அவர்களுடைய முகம் இல்லை. இரண்டு உச்சந்தலைகள் இருக்கின்றன.

யாரும் வீடு மாறவில்லை. அம்மா இரண்டாம் படிக்கட்டு, அப்பா முதல் படிக்கட்டு. ஜாடி மட்டும் இப்போது கடைக்குப் போவதில்லை. ஹெல்யு அத்தை கொஞ்சம் வருத்தத்தில் இருக்கிறாள், வேலை குறைந்துவிட்டதாம்.

திங்கட்கிழமை பலகையிலிருந்து பட்டியலைக் கழற்றப் போனேன். ஒரு வாரம் முடிந்துவிட்டது. அம்மாவின் பழைய குறிப்பு ரப்பரால் அழிக்கப்பட்டிருந்தது. அதே இடத்தில் அதே நேரான கையெழுத்தில்:

'திருத்தம். இணைப்பு உண்மை. ஆனால் மெல்லியது. மைமு.'

கீழே:

'ஒப்புக்கொள்கிறேன். தொடர்ந்து அவதானிக்க வேண்டும். எண்டெல்.'

நான் பட்டியலைக் கழற்றவில்லை. அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது.